பூனையின் மருத்துவச் செலவுக்குப் பின்னல் கைகொடுக்குமா?

கேள்வி: என் 12 வயதுப் பூனைக்கு நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. செலவு ஏறிக்கொண்டே போகிறது. கம்பளி பின்னத் தெரியும். விற்றுச் சமாளிக்கலாமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். நானும் பின்னி விற்பவள்தான். ஆனால் ஸ்வெட்டரில் தொடங்காதீர்கள். அது வாரக்கணக்கில் இழுக்கும், மருந்துச் செலவு அதுவரை பொறுக்காது. குல்லா, மஃப்ளர், விரலில்லாத கையுறை போதும். நூலுக்கு மட்டுமல்ல, உங்கள் நேரத்துக்கும் சேர்த்து விலை வையுங்கள். "பூனைக்காகத்தானே, குறைத்துக் கொடுங்கள்" என்பவர்களிடம் இளகாதீர்கள். சாதாரணக் கம்பளி வெந்நீரில் சுருங்கி இறுகிவிடும், அக்ரிலிக் என்ற செயற்கை நூல் அப்படி ஆகாது. அதனால் எந்த நூல், எப்படித் துவைப்பது என்று சீட்டு வையுங்கள். கைக்குழந்தைக் குல்லாவில் பொத்தானும் கயிறும் வேண்டவே வேண்டாம். வீட்டில் பூனை இருப்பதையும் சொல்லிவிடுங்கள், சிலருக்கு ஒவ்வாமை வரும்.

அப்புறம், இந்த நோய் முழுதாகக் குணமாகாது. உணவு, மருந்து, பரிசோதனை என்று தொடரும். எது உடனே தேவை, எதைத் தள்ளிப்போடலாம் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தவணையில் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.