வாசகர் கேள்வி பதில்: வீடியோ தெரபிக்கும் மாநில எல்லை உண்டா?

கேள்வி: என் மகள் டாலஸில் இருக்கும் ஒரு சைக்காலஜிஸ்டிடம் பள்ளி நாட்களிலிருந்து வீடியோவில் பேசி வருகிறாள். அவரால்தான் அவள் மீண்டு வந்தாள் என்றே சொல்லலாம். வரும் ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் கல்லூரியில் சேர்கிறாள். அங்கே போனபின் தொடர முடியாது என்கிறார் டாக்டர். அதே லேப்டாப், அதே டாக்டர், அதே பிள்ளை. அப்புறம் என்ன தடை?
(வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்)

பதில்: மனம்விட்டுப் பேச நல்ல ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்தவரையும் பாதியில் விடச் சொன்னால் எந்தத் தாய்க்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் டாக்டர் தட்டிக்கழிக்கவில்லை அம்மா, சட்டப்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு உரிமம் தருவது வாஷிங்டன் இல்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. மருத்துவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என 1889இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உளவியலாளர்களுக்கு முதலில் உரிமச் சட்டம் போட்டது கனெக்டிகட், 1945இல். வீடியோவில் சிகிச்சை நடக்கும் என்று யாரும் நினைத்துப் பார்க்காத காலம். அந்த அமைப்பின் மேல்தான் இன்றைய வீடியோ அழைப்பும் ஓடுகிறது. பேசும் நேரத்தில் உங்கள் மகள் எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறாளோ, சிகிச்சை அங்கேதான் நடப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த மாநிலத்தின் அனுமதி டாக்டரிடம் இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் சைப்பாக்ட் என்ற மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் வந்தது. 2016இல் அரிசோனா முதலில் சேர்ந்தது, ஏழு மாநிலங்கள் சேர்ந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனை 2019இல் நிறைவேறியது, 2020 ஜூலையில் உளவியலாளர்களுக்கு அனுமதி கொடுக்க ஆரம்பித்தார்கள். இப்போது 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் இருக்கின்றன. டெக்சாஸ் இருக்கிறது. கலிஃபோர்னியா இன்னும் சேரவில்லை. உங்கள் மகள் ஜார்ஜியாவிலோ இல்லினாயிலோ கல்லூரிக்குப் போயிருந்தால், டாக்டர் அந்த ஒப்பந்த அனுமதியைத் தனியாக வாங்கி வைத்திருக்கும் பட்சத்தில், ஒரு வாரம்கூட விடாமல் தொடர்ந்திருக்கலாம். இவ்வளவு மாணவர்கள் வந்து சேரும் ஒரு மாநிலம் இன்னும் வெளியே நிற்பது எனக்கு வருத்தம்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். வேறு மாநிலத்தில் முனைவர் பட்டத் தகுதியோடு உரிமம் பெற்ற உளவியலாளர், காலண்டர் வருடத்துக்கு 30 நாட்களுக்கு மிகாமல் கலிஃபோர்னியாவில் சேவை செய்யலாம் என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அந்த நாட்களை எப்படி எண்ணுவார்கள், உங்கள் மகளின் விஷயத்துக்கு அது பொருந்துமா என்று கலிஃபோர்னியா உளவியல் வாரியத்துக்கு எழுதிக் கேட்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள், பதிலும் எழுத்தில் இருக்கட்டும். பொருந்தினால் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அதை வைத்துக்கொண்டு, இடையில் அங்கே உரிமம் உள்ள ஒருவரிடம் நிதானமாக மாறிக்கொள்ளலாம். கல்லூரியின் ஆலோசனை மையத்தை இப்போதே கூப்பிடுங்கள். செமஸ்டர் தொடங்கிவிட்டால் அங்கே இடம் கிடைக்கத் தாமதமாகலாம். புது ஆளிடம் பழைய டாக்டர் பேசுவதற்கான ஒப்புதல் படிவத்தில், 18 வயது ஆகிவிட்டால், மகள்தான் கையெழுத்துப் போட வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் ஃபிரிஸ்கோ வரும்போது பழைய டாக்டரிடம் தாராளமாகப் பேசலாம், அப்போது அவள் டெக்சாஸில் இருக்கிறாள் இல்லையா?

கேள்வி: வீடு ஜெர்சி சிட்டியில், வேலை மன்ஹாட்டனில். என் தெரபிஸ்ட் நியூஜெர்சி உரிமம் உள்ள சைக்காலஜிஸ்ட். மதிய இடைவேளையில் ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம் என்றால் கூடாது என்கிறார். ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலேயே "இப்போது எங்கே இருக்கிறீர்கள், முகவரி என்ன?" என்று வேறு கேட்கிறார். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? வீட்டில் என்று சொல்லிவிட்டால் என்ன?
(வாசகர், ஜெர்சி சிட்டி)

பதில்: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நியூஜெர்சி, மேலே சொன்ன சைப்பாக்ட் ஒப்பந்தத்தில் இருக்கிறது, நியூயார்க் இல்லை. ஹட்சன் ஆற்றைத் தாண்டியதும் அவருக்கு அனுமதி இல்லாத இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். புகார் வந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, விசாரணையில் நிற்பது அவர்தான். அவருடைய தொழில் காப்பீடும் கைவிடக்கூடும்.

அதைவிட முக்கியமானது அந்த முகவரிக் கேள்வி. பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாலோ, திடீரென மயங்கி விழுந்தாலோ, தெரபிஸ்டால் திரையைத் தாண்டி எழுந்து வர முடியாது. எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று தெரிந்தால்தான் அந்த ஊர் அவசர உதவிக்குச் சொல்லி ஆளை அனுப்ப முடியும். நீங்கள் ஜெர்சி சிட்டி வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டு மன்ஹாட்டனில் பதினெட்டாவது மாடியில் இருந்தால், ஆம்புலன்ஸ் ஆள் இல்லாத வீட்டு வாசலில் வந்து நிற்கும். அதனால் அவர் கேட்கிறார் என்று எரிச்சல் வேண்டாம், கேட்காதவரிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் நேரம் கேளுங்கள், இல்லாவிட்டால் காலையில் கிளம்புவதற்கு முன். நேரமே ஒத்துவராவிட்டால் நியூயார்க் உரிமமும் வைத்திருப்பவரைத் தேடுங்கள், இரண்டு மாநில உரிமமும் உள்ளவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

இன்னொன்று. இந்த ஒப்பந்தம் முனைவர் பட்டத் தகுதியில் உரிமம் பெற்ற உளவியலாளர்களுக்கு மட்டும். கவுன்சிலர், சோஷியல் வொர்க்கர், மனநல மருத்துவர் எல்லாரையும் நாம் 'தெரபிஸ்ட்' என்று ஒரே பெயரில் அழைக்கிறோம், ஆனால் அவர்களுக்கு விதிகள் வேறு. உங்களவர் எந்தப் பிரிவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உளவியலாளருக்கு ஒப்பந்த அனுமதி இருக்கிறதா என்று சைப்பாக்டின் இணையப் பட்டியலில் பெயர் போட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: நான் அட்லாண்டாவில் சைக்காலஜிஸ்ட், ஒப்பந்த அனுமதி இருக்கிறது. அம்மாவின் ஆபரேஷனுக்காக மதுரை போகிறேன். அங்கிருந்து ஃப்ளோரிடா, ஜார்ஜியா ஆட்களோடு வீடியோவில் பேசலாமா?
(வாசகி, அட்லாண்டா)

பதில்: ஃப்ளோரிடா ஆட்களோடு அந்த அனுமதியை வைத்துப் பேச முடியாது. சைப்பாக்ட் விதிப்படி, பேசும் நேரத்தில் நீங்களும் உங்கள் தாய் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு அது ஜார்ஜியா. ஜார்ஜியா ஆட்களுக்கு ஒப்பந்தம் தேவையில்லை, ஆனாலும் வெளிநாட்டிலிருந்து பேசுவது பற்றி ஜார்ஜியா வாரியத்திடமும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்காமல் கிளம்பாதீர்கள். இந்தியாவில் இருந்துகொண்டு தொழில் செய்வதால் அங்குள்ள சட்டமும் குறுக்கே வரும்.

என் யோசனை கேட்டால், அந்த வாரங்களுக்கு உங்கள் ஆட்களை நம்பகமான சக உளவியலாளர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ராத்திரி அவசரம் என்றால் 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணை அழைக்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் இருங்கள்.