பிபிசி மைக்ரோவில் (1980களின் பிரிட்டிஷ் வீட்டுக் கணினி) கேசட்டிலிருந்து ஏற்றிய படம் மேலேறி மடங்கி வருகிறதா?

*லோடு (டேப்பிலிருந்து ஏற்றும் கட்டளை) கொடுக்கும் முன் மோடு 1 (திரை முறையை அமைக்கும் கட்டளை) என்று ஒரு தடவை அடியுங்கள், கேள்வி கேட்ட குளச்சல்காரரே. படம் மேலேறி மிச்சம் அடியில் வருவது பெரும்பாலும் அதில் நின்றுவிடும்.

இந்த மெஷினில் திரை ஸ்க்ரோல் ஆனால் நினைவகத்தில் எதுவும் நகராது, காட்டத் தொடங்கும் முகவரி மட்டும்தான் மாறும். நீங்களோ திரை நினைவகம் தொடங்கும் முகவரி 3000-இலிருந்து (பதினாறடிமான எண்) அப்படியே நிரப்புகிறீர்கள். டேப் செய்தி கடைசி வரியில் விழுந்தாலே ஒரு வரி ஏறிவிடும், அதனால் *ஆப்ட் 1,0 போட்டு அதை அடக்குங்கள்.

அப்புறமும் மடங்கினால் சேமித்த பிரதியே மடங்கியது. மோடு 1 போட்டு, படத்தை மறுபடி வரைந்து, ரெக்கார்டரை முன்பே ஓடவிட்டு *சேவ் படம் 3000 8000 கொடுங்கள். முடிவு 7எஃப்எஃப்எஃப் அல்ல, அதற்கு அடுத்த எண்.

நிறம் மாறுவது தனி விஷயம். பேலட் (எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்ற பட்டியல்) சேமித்த அந்த 20 கேபி திரை நினைவகத்துக்குள் இல்லை, நிறங்களை அமைத்த விடியு 19 கட்டளை வரிகளைத் திரும்ப ஓட்டணும்.

ஒன்று மட்டும் கவனம்: நம்ம கடலோர ஈரத்தில் நாடா விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், ஹெட்டும் கெடும். ஒரு படத்துக்கு டேப் நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும், நடுவில் ஒரு பிளாக் (டேப்பில் பதிவாகும் தரவுத் துண்டு) போனாலும் சிக்கல்தான். இரண்டு பிரதி எடுத்துவையுங்கள்.