ராத்திரி ஆனால் கை நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், வயது 36. உடம்பு குறையக் காலையில் வெறும் டீ, மதியம் இரண்டு வாய் சோறு. வாரத்தில் மூன்று நாளாவது, எல்லோரும் படுத்ததும் மிச்சச் சோறு, முறுக்கு, மக்கன் பேடா என்று கிடைத்ததையெல்லாம் வயிறு வலிக்கும்வரை தின்கிறேன். அப்புறம் அழுகிறேன். நாலைந்து மாதமாக இப்படித்தான். வாயைக் கட்டத் தெரியாதவள் என்கிறார் மாமியார்.

பதில்: மாமியார் சொல்வதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். நிறுத்த நினைத்தும் முடியாமல், மறைவாக, வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேதனைப்படுவது வாரம் ஒரு முறையாவது மூன்று மாதம் நீடித்தால், அது ‘பிஞ்ச் ஈட்டிங்’ என்னும் மனநலக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் இதைத் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது. ஆம்பூர் பிரியாணி ருசியில் ஒருநாள் இரண்டு பிளேட் சாப்பிடுவது இதில் சேராது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்த வெறும் டீதான். பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டால் மனம் சோற்றையே சுற்றும், ராத்திரி கட்டுப்பாடு போகும். அந்தக் குற்ற உணர்ச்சியில் மறுநாள் இன்னும் கடுமையான பட்டினி. ஆகவே டயட்டை இப்போதைக்கு விடுங்கள். பஸ் ஏறுமுன் மூன்று இட்லி, மதியம் பருப்பு, முட்டையோடு வயிறாரச் சோறு, வேலை விட்டதும் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பாடு. நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். எடை ஏறிவிடுமோ என்று பயம் வரும். வாரம் ஒருமுறை மட்டும் பாருங்கள். கட்டுப்பாடு போன ராத்திரிகளில், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். சண்டையா, தூக்கமின்மையா என்று மெல்லப் பிடிபடும்.

இதை அப்படியே விட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்பு, நெஞ்செரிச்சல் என்று வரலாம். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ. தாண்டினாலே கவனம் வேண்டும். சர்க்கரையும் பிரஷரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பதோ பேதி மாத்திரை போடுவதோ இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத்தையே பாதிக்கும்.

நல்ல பலன் தருவது சிபிடி என்னும் பேச்சு சிகிச்சை. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்திலோ கேளுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. டாக்டரிடம் “எடை கூடுது” என்று மட்டும் சொன்னால் இன்னொரு டயட் சீட்டுதான் கைக்கு வரும். ராத்திரி நடப்பதை எனக்கு எழுதியபடியே சொல்லுங்கள்.