ஒளிச்சிகிச்சையுடன் இம்யூனோதெரபி சேருமா?

கேள்வி: என் அண்ணனுக்குத் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு அதே இடத்தில் கட்டி திரும்பியிருக்கிறது. உடலின் எதிர்ப்பாற்றலைக் கொண்டே புற்றைத் தாக்கும் இம்யூனோதெரபி பற்றி மருத்துவர் பேசினார். ஜப்பானில் ஒளி பாய்ச்சிக் கட்டியை அழிப்பதாகவும், இரண்டையும் சேர்த்தால் பலன் கூடும் என்றும் உறவினர் ஒருவர் சொல்கிறார். ஜப்பானுக்கு அழைத்துச் செல்லலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: உறவினர் சொல்வது வதந்தியன்று. கட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளுடன் ஒளியுணர் சாயம் ஒன்றை இணைத்து நரம்பு வழியே செலுத்தி, மறுநாள் 690 நானோமீட்டர் சிவப்பொளியைக் கட்டியின்மீது பாய்ச்சும் முறைக்கு, அறுவைக்கு இயலாத தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்காக ஜப்பான் 2020இல் அனுமதி அளித்தது. அது நிபந்தனையுடன் கூடிய அனுமதி என்பதை உறவினர்கள் பெரும்பாலும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஒளிபட்ட புற்றுச் செல்கள் சிதையும்போது, எதிர்ப்பாற்றல் மண்டலத்தை உசுப்பும் பொருள்கள் வெளிப்படுகின்றன. அவற்றால் விழித்துக்கொள்ளும் டி செல்களை (புற்றைத் தாக்கும் வெள்ளணுக்களை) புற்றுநோய் பிடி1 என்னும் தடையைக் கொண்டு மீண்டும் அடக்கிவிடக்கூடும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் அந்தத் தடையை நீக்குகின்றன என்பதால், ஒளி எட்டாத இடத்திலுள்ள கட்டிகளையும் உடலே தாக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. விலங்குகளில் இதற்குச் சான்று உண்டு. மனிதர்களில் இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. இதை வழக்கமான சிகிச்சையாக யாராவது விலை பேசினால் நான் சந்தேகப்படுவேன்.

ஆகவே முதலில் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்: கட்டி ஒளி எட்டும் ஆழத்தில் இருக்கிறதா? கழுத்துப் பெருந்தமனியைத் தொட்டிருக்கிறதா? அப்படியானால் இரத்தக்கசிவு அபாயம் உண்டு. ஒளி பாய்ச்சிய பின் தொண்டை வீங்கி மூச்சுத்திணறலும் வரலாம். இங்கே சேரக்கூடிய மருத்துவ ஆய்வு ஏதேனும் உண்டா என்றும் விசாரியுங்கள். இம்யூனோதெரபி மருந்து சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் அண்ணனின் நிலைக்கு இடம்பெற்றிருந்தால்தான், சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் கைகொடுக்கும். இது 2022 செப்டம்பர் முதல் உள்ள விதி. பயணச் செலவைக் கணக்கிடுமுன் இதைப் பார்ப்பது நல்லது. சிகிச்சை தொடங்கிய பின் வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வந்தால் கடை மாத்திரையோடு சமாளிக்காமல், உடனே சிகிச்சைக் குழுவை அழையுங்கள். விழித்துக்கொண்ட எதிர்ப்பாற்றல் குடலையும் நுரையீரலையும் தாக்கக்கூடும்.

கேள்வி: உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக என் கணவருக்கு போர்ஃபிமர் சோடியம் என்னும் ஒளியுணர் மருந்தைச் செலுத்தி லேசர் ஒளிச்சிகிச்சை செய்யப் போகிறார்கள். சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வழக்கம்போல் காலையில் தேக்கா சந்தைக்குப் போகலாமா என்கிறார். (வாசகி, பிடோக்)

பதில்: கூடாது. சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிர்களைத்தான் தடுக்கும். இம்மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. தோலில் தங்கும் மருந்தால், ஊசி போட்டதிலிருந்து குறைந்தது 30 நாள்களுக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து, வீங்கி, கொப்புளிக்கலாம். நம் ஊரில் மேகமூட்டமான நாளும் கண்ணைக் கூசும் என்பதால், வெளியே சென்றே ஆகவேண்டிய நாளில் முழுக்கைச் சட்டை, கையுறை, அகன்ற தொப்பி, கருங்கண்ணாடி எல்லாமே வேண்டும். பல் மருத்துவரின் விளக்கும் ஆபத்தானதே. முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அதற்காகத் திரையெல்லாம் இழுத்து இருட்டறையில் உட்காரவைக்கவும் வேண்டாம். வீட்டின் சாதாரண விளக்கொளி, தோலில் எஞ்சிய மருந்தை மெல்லச் செயலிழக்கச் செய்கிறது. 30 நாள்களுக்குப் பிறகு மருத்துவர் சம்மதித்தால், கையில் சிறு பகுதியை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டி, 24 மணி நேரம் கவனியுங்கள்; சிவப்போ வீக்கமோ இல்லையென்றால் படிப்படியாக வெளியே செல்லலாம். இந்தச் சோதனையை முகத்தில் செய்யக் கூடாது. கண்ணைச் சுற்றியுள்ள பகுதி மற்ற இடங்களைவிட எளிதில் பாதிக்கப்படும்.