நிறத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

அன்புள்ள ஐயா,

பைபிள் வாசிக்கும்போது மனதைத் தொடும் வசனங்களை ஹைலைட்டரால் தீட்டுவது என் வழக்கம். வாக்குத்தத்தம் மஞ்சள், கட்டளை பச்சை, ஜெபம் நீலம் என்று ஆரம்பித்தேன். இப்போது பல பக்கங்கள் முழுக்க நிறம்தான். ஏன் தீட்டினேன் என்பதே நினைவில்லை. வேதப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று மாமியார் வேறு வருத்தப்படுகிறார். நிறங்களுக்கு நல்ல முறை ஏதாவது உண்டா? போனில் குறித்துக்கொள்வது மேலா?

ஆர்.

அன்புள்ள சகோதரி,

உங்களிடம் இருக்கும் மூன்று நிறங்களே போதும். முதல் வாசிப்பிலேயே, அதுவும் ஒற்றை வசனமாகப் பார்த்துத் தீட்டிவிடுகிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

எரேமியா 29:11 உங்கள் பைபிளில் மஞ்சளாகத்தான் இருக்கும். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்பு என்கிறது. ஐந்தாம் வசனம் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்க முடியாது. இதெல்லாம் தெரிந்தபின் அந்த வாக்குத்தத்தம் எனக்கு இன்னும் கனமாகிறது. மஞ்சள் நிறம் இதில் எதையும் சொல்லாது. ஓரத்தில் ‘சிறைப்பட்டவர்களுக்கு, 70 வருஷம், வ.10’ என்று எழுதினால், அடுத்த வருஷம் திறக்கும்போதும் அது பேசும்.

புதிய ஏற்பாட்டில் நாம் பார்க்கும் வசன எண்கள், ராபர்ட் எத்தியேன் என்ற அச்சகர் 1551இல் கொண்டுவந்த கிரேக்கப் பதிப்பிலிருந்து வருபவை. அப்போஸ்தலன் பவுல் எழுதியது முழு நிருபம், அதாவது முழுக் கடிதம். எண்கள் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும், ஆனால் வசனத்தைத் தனியாகப் பிய்த்தெடுக்கவும் நம்மைப் பழக்கிவிடுகின்றன.

அதனால் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் தடவை பேனாவைத் தொடாமல் வாசியுங்கள். பவுல் சிறையிலிருந்து எழுதிய பிலிப்பியர் நாலே அதிகாரம், ஒரே அமர்வில் முடியும். அப்புறம் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்: கட்டப்பட்டுக் கிடக்கும் இந்த மனிதர் எதையெல்லாம் நினைத்துச் சந்தோஷப்படுகிறார்? இரண்டாம் வாசிப்பில் அதற்குப் பதில் சொல்லும் இடங்களை மட்டும் தீட்டுங்கள். ‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற 4:13க்கு வரும்போது, முந்தின வசனத்தில் இருக்கும் ‘பட்டினி’யும் சேர்ந்தே கண்ணில் படும்.

பிறகு பைபிளை மூடிவிட்டு, பார்த்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் இரண்டு மூன்று வரி நோட்டில் எழுதுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். 2013இல் படிக்கும் முறைகளை ஒப்பிட்ட விரிவான ஆய்வு ஒன்று, தீட்டுவதைப் பயன் குறைந்த முறையாகவும், நினைவிலிருந்து தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதை மிகப் பயனுள்ளதாகவும் மதிப்பிட்டது. எழுத வரவில்லை என்றால் மறுபடி திறந்து வாசியுங்கள், அதில் தவறொன்றும் இல்லை.

மாமியாரின் வருத்தத்தில் பக்தி இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் வேதத்தில் எழுதுவது அவமரியாதை என்று நான் நினைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டுப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ், பக்கங்களுக்கு நடுவே வெற்றுத்தாள் கோத்துக் கட்டிய ஒரு பைபிளில் ஏறக்குறைய முப்பது வருஷம் குறிப்பெழுதினார். அவ்வளவு நெருங்கி வாசித்தவரிடம் மரியாதைக் குறைவு இருந்திருக்குமா? இருந்தாலும் வீட்டில் இதற்காக மனத்தாங்கல் வேண்டாம். படிப்புக்கென்று தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன், தேடுவதற்கும் ஒத்துவாக்கியம் (அதே பொருளில் வேறு இடத்தில் வரும் வசனம்) பார்ப்பதற்கும் நல்லது. விரல் பட்டாலே நிறம் வந்துவிடும் என்பதால், குறிப்பு எழுதாமல் அதில் நிறமிடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் என்றால் மை ஹைலைட்டரை விட்டுவிடுங்கள். பைபிள் தாள் மெல்லியது, மறுபக்கம் ஊறிவிடும். கலர் பென்சில் போதும், லேசாக அழுத்தினால் கீழேயுள்ள எழுத்தும் தெளிவாகத் தெரியும்.