கார்டில் எதை ஏற்றுவது? வீட்டு ரோபோ கேள்வி-பதில்

'ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) தேர்வு' என்று சொல்கிறோமே தவிர, ரோபோவுக்கு மூளையாகும் குட்டிக் கணினி போர்டுக்குப் பணம் கட்டிய அன்றே அதில் முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, அது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் அனுப்பியவை. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

சீனியர் அண்ணா கொடுத்த எஸ்டி கார்டில் உபுண்டு 22.04 (லினக்ஸ் ஓஎஸ்), ராஸ் 2 ஹம்பிள் (ரோபோ மென்பொருள்) எல்லாம் இருக்கிறது. அவருடைய ராஸ்ப்பெரி பை 4 போர்டில் நன்றாக ஓடியது. நான் புதிதாக வாங்கிய ராஸ்ப்பெரி பை 5-ல் போட்டால் பூட்டே ஆகவில்லை. போர்டு பழுதா? – பொறியியல் மாணவர், ஓசூர்

போர்டு நன்றாகத்தான் இருக்கும் தம்பி, மாற்றக் கடைக்கு ஓட வேண்டாம். உபுண்டு 22.04 வந்தது 2022 ஏப்ரலில். பை 5 விற்பனைக்கு வந்தது 2023 அக்டோபரில். தனக்குப் பிறகு பிறந்த போர்டை அதன் கெர்னலுக்கு (ஓஎஸ்ஸின் மையப் பகுதிக்கு) அடையாளம் தெரியாது. உபுண்டு பை 5-ஐ ஏற்கத் தொடங்கியது 23.10 பதிப்பிலிருந்துதான். நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பாக எடுத்தால், உங்களுக்கு 24.04.

அடுத்த முடிச்சு ராஸ். ஒவ்வொரு ராஸ் பதிப்பும் ஓர் உபுண்டு பதிப்போடு தாலி கட்டிக்கொண்டுதான் வரும். 20.04-க்கு நொயெட்டிக், அதற்கான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 22.04-க்கு ஹம்பிள், 2027 மே வரை. 24.04-க்கு ஜாஸி, 2029 மே வரை. இந்த ஜோடியை மாற்றி நிறுவவே முடியாது என்றில்லை. ஆனால் மூல நிரலிலிருந்து கம்பைல் செய்ய உட்கார்ந்தால் ஒரு வார விடுமுறை அதிலேயே போய்விடும். இன்னொன்று: இரட்டைப்படை ஆண்டில் வரும் ராஸ் 2 பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு; ஒற்றைப்படை ஆண்டில் வருபவைக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுதான். கல்லூரி புராஜெக்டுக்கு இரட்டைப்படையிலேயே நில்லுங்கள்.

ஆகவே 24.04 சர்வர் பதிப்பை ஏற்றி, ஜாஸியை நிறுவுங்கள். சீனியரின் நிரலில் ஏதாவது ஹம்பிளில் மட்டும்தான் ஓடும் என்றால், 24.04-க்கு உள்ளேயே டாக்கர் கன்டெய்னரில் (தனிப் பெட்டி போன்ற சூழலில்) ஹம்பிளை ஓட்டலாம். அதுவும் தலைவலி என்று தோன்றினால், அண்ணாவிடம் கார்டோடு பை 4-ஐயும் கடன் கேட்டுப் பாருங்கள்.

ராஸ் என்பதே ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்தானே? பிறகு எதற்கு உபுண்டு? – திருநெல்வேலி

பெயர்தான் அப்படி. லினக்ஸின் மேல் உட்கார்ந்து, கேமரா நிரல், மோட்டார் நிரல், வரைபட நிரல் ஆகியவை ஒன்றோடொன்று பேச வழி செய்யும் மென்பொருள் தொகுப்பு அது. தனியாக பூட் ஆகாது.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளோடு சேர்ந்து ஒரு குட்டி ரோபோ செய்கிறேன். தடை வந்தால் திரும்ப வேண்டும், பிறகு கேமரா வைத்துச் சிவப்புப் பந்தைத் துரத்த வேண்டும். யூடியூபில் எல்லோரும் ராஸ் என்கிறார்கள். கட்டாயமா? – மதுரை

கட்டாயமே இல்லை. தடை வந்தால் திரும்புவதற்கு ஓஎஸ்கூட வேண்டாம். ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு, தூரம் அளக்க ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு மோட்டார் டிரைவர் போதும். சுவிட்சைப் போட்டதும் ஓடும், அணைத்ததும் நிற்கும். குழந்தைக்கு அந்த உடனடித்தன்மை பிடிக்கும். முதல் மாதத்தை இதிலேயே கழியுங்கள்.

பந்து துரத்தும் கட்டத்தில் பை வேண்டும். அப்போது உபுண்டுவுக்குப் போகாமல் ராஸ்ப்பெரி பை ஓஎஸ்ஸையே போடுங்கள், 64 பிட் பதிப்பு. காரணம் கேமரா. பை கேமராவின் ரிப்பன் கேபிளைச் செருகினால் பை ஓஎஸ்ஸில் சொன்ன பேச்சு கேட்கும். உபுண்டுவில் அதே கேமராவை எழுப்பக் கூடுதல் வேலை இருக்கிறது. உபுண்டுதான் வேண்டும் என்பவர்கள் யூஎஸ்பி வெப்கேம் வாங்கிவிடுவது மேல்.

பை 5 வாங்கினால் ஒரு எச்சரிக்கை: அதில் ஜிபிஐஓ பின்கள் (சென்சார், மோட்டார் டிரைவர் போன்றவற்றை இணைக்கும் முனைகள்) ஆர்பி1 என்ற தனிச் சில்லுக்குப் போய்விட்டன. பழைய வீடியோக்களில் வரும் பைத்தான் ஜிபிஐஓ நூலகம் அதில் வேலை செய்யாது. 'ஜிபிஐஓ ஜீரோ' நூலகத்தில் எழுதுங்கள்.

ரோபோ நேராகப் போக மாட்டேன் என்கிறது. என்கோடரை (சக்கரம் சுற்றுவதைத் துடிப்புகளாகச் சொல்லும் சென்சார்) பை 4-ல் நேரடியாக இணைத்து, பைத்தானில் எண்ணுகிறேன். 'ரியல்டைம் கெர்னல் போடு, சரியாகிவிடும்' என்கிறார் நண்பர். போடலாமா? – கோயம்புத்தூர்

முதலில் கணக்குப் போடுவோம். கடையில் கிடைக்கும் சாதாரண கியர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற 11 துடிப்பு, கியர் விகிதம் 30 என்றால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 330. என்கோடரின் இரண்டு சேனலிலும் (சமிக்ஞைக் கம்பியிலும்) துடிப்பின் ஏற்றம், இறக்கம் இரண்டையும் எண்ணினால் 1,320. நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் ஒரு சக்கரத்துக்கு நொடிக்கு 4,400. இரண்டு சக்கரத்துக்கு 8,800. இத்தனையையும் பைத்தான் ஒன்றுவிடாமல் பிடிக்க வேண்டும், நடுவில் வைஃபை, கேமரா, எஸ்டி கார்டு எல்லாம் 'என்னைக் கவனி' என்று இழுக்கும்போதும். பிடிக்காது. இடது சக்கரத்தில் நாற்பது தவறும், வலதில் அறுபது தவறும். வண்டி கோணலாகத்தான் போகும்.

லினக்ஸ் பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவரைப் போல. எல்லா இலைக்கும் வருவார். உங்கள் இலைக்கு எப்போது என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டார். ரியல்டைம் கெர்னல் அந்த வாக்கைக் கொடுக்கப் பார்க்கிறது. அவசர வேலை வந்தால் மற்றதைப் பாதியில் நிறுத்திவிட்டு வரும். பல்லாண்டுகள் தனி ஒட்டாக (பேட்ச்) இருந்த அந்த வசதி 2024-ல் வந்த லினக்ஸ் 6.12-ல்தான் மூலக் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. நல்ல விஷயம். ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்து இல்லை. கெர்னல் நேரத்துக்கு வந்தாலும் பைத்தான் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

என்கோடரைப் பையிலிருந்து கழற்றி, ஈஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டில் மாட்டுங்கள். துடிப்பு எண்ணுவதற்கென்றே அதில் தனி வன்பொருள் இருக்கிறது. ஆர்டுயினோ மென்பொருளில் அதற்கு நிரல் எழுதினால், உங்களுக்குத் தெரியாமலே அடியில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ரியல்டைம் ஓஎஸ் ஓடும். வேகத்தை அளந்து திருத்திக்கொண்டேயிருக்கும் கட்டுப்பாட்டு வளையமும் அங்கேயே இருக்கட்டும். பை, 'நொடிக்கு 30 சென்டிமீட்டர் போ' என்று யூஎஸ்பி வழியே சொன்னால் போதும்.

ரியல்டைம் ஓஎஸ் போட்டுவிட்டால் கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ், பேர்போன ரியல்டைம் ஓஎஸ். அங்கே போனதும் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் சேர்க்கும், முன்னுரிமை குறைந்த ஒரு வேலை ஒரு மென்பொருள் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கு மட்டும் கிடைப்பது) பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பூட்டுக்காக முன்னுரிமை மிகுந்த வேலை காத்திருக்க, இரண்டுக்கும் நடுத்தரமான வேலை புகுந்து நேரத்தைத் தின்றது. முக்கிய வேலை முடியவில்லையே என்று காவல் டைமர் எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. பூமியிலிருந்தே ஓர் அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள்.

அந்தக் காவல் டைமரைத்தான் நீங்கள் அவசியம் காப்பியடிக்க வேண்டும். அரை நொடிக்குள் பையிடமிருந்து புதிய கட்டளை வராவிட்டால் ஈஎஸ்பி32 தானாகவே மோட்டாரை நிறுத்தட்டும். நான் இதைச் செய்யாமல் விட்ட காலத்தில் ஒருநாள் பை உறைந்துபோனது. கடைசியாகக் கேட்ட வேகத்தையே பிடித்துக்கொண்டு ரோபோ கூடத்தைத் தாண்டி, வாசற்படி மூன்றையும் இறங்கி, தெருவில் கவிழ்ந்து கிடந்தது. லைடாரின் (லேசரால் தூரம் அளக்கும் சென்சாரின்) மூடி பிளந்ததுதான் மிச்சம். எந்த ஓஎஸ் போட்டாலும் ஒருநாள் உறையும். அப்போது சக்கரம் நிற்குமா என்பதை, ஓடிக்கொண்டிருக்கும்போது யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். ரோபோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு!

பை 4, 2 ஜிபி. உபுண்டு டெஸ்க்டாப் போட்டிருக்கிறேன். ராஸ் பேக்கேஜ்களை பில்ட் செய்யும்போது மவுஸ்கூட நகர்வதில்லை. – யாழ்ப்பாணம்

ரோபோவின் முதுகில் திரை இல்லையே, டெஸ்க்டாப் எதற்கு? சர்வர் பதிப்பை ஏற்றி, மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் வசதி) வழியே நுழையுங்கள். வரைபடம் காட்டும் வேலையையும் மடிக்கணினியே பார்க்கட்டும். ரேம் போதாதபோது கைகொடுக்க, கார்டில் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று வையுங்கள். பில்ட் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரே பேக்கேஜ் என்று கட்டுப்படுத்துங்கள். மெதுவாக நடக்கும், ஆனால் முடியும்.

மூன்று மாதத்தில் இரண்டு எஸ்டி கார்டு போய்விட்டது. எந்த ஓஎஸ் போட்டால் கார்டு பிழைக்கும்? – சேலம்

ரோபோவை எப்படி அணைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பேட்டரி சுவிட்சைத் தட்டித்தான் என்று ஊகிக்கிறேன். லினக்ஸ் எதையாவது கார்டில் எழுதிக்கொண்டேயிருக்கும், குறைந்தது லாக் கோப்புகளை. பாதி எழுதும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை குலையும். பை ஓஎஸ் ஆனாலும் உபுண்டு ஆனாலும் இதே கதிதான்.

ரோபோவில் எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, ஓவர்லே கோப்பு முறைமையை இயக்குங்கள். பை ஓஎஸ்ஸின் கட்டமைப்பு மெனுவிலேயே இருக்கிறது. உபுண்டுவில் 'ஓவர்லேரூட்' என்ற பேக்கேஜ். அதன் பிறகு எழுதுவதெல்லாம் ரேமுக்குத்தான் போகும், கார்டு வாசிக்க மட்டும். சுவிட்சைத் தட்டினாலும் பயமில்லை. நிரலை மாற்றும் நாளில் மட்டும் மறக்காமல் ஓவர்லேயை அணைத்துவிட்டு மாற்ற வேண்டும். மறந்தால் மறுநாள் காலையில் உங்கள் உழைப்பு எதுவும் இருக்காது. எனக்கு இருமுறை நடந்திருக்கிறது.

அடுத்த சந்தேகம் மின்சாரத்தின் மேல். மோட்டார் கிளம்பும் கணத்தில் பேட்டரி மின்னழுத்தம் சரியும். மோட்டாருக்கும் பைக்கும் ஒரே பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்று) என்றால் பை திணறும். பைக்கு என்று தனியாக ஒன்று வையுங்கள். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர். பை 5 முழு வலுவில் ஓட 5 ஆம்பியர் கேட்கும். 'ஓஎஸ் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது' என்று என்னிடம் கொண்டுவந்த ரோபோக்களில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி மெல்லிய ஒயர்தான்.

நன்றாக ஓடும் கார்டை அப்படியே இமேஜ் எடுத்து மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போகும்போது பையில் இரண்டாவது கார்டு இருக்கட்டும். (ஜோல்னாப் பையைச் சொல்கிறேன்.)

மினி பிசியை ரோபோவில் ஏற்றி விண்டோஸே ஓட்டினால் என்ன? – சென்னை

ஓட்டலாம். ஆனால் பாதி ஓட்டத்தில் 'அப்டேட் நிறுவுகிறேன்' என்று அது உட்கார்ந்துகொண்டால் என்னைத் திட்டக் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மினி பிசி நல்ல யோசனை. அதில் உபுண்டுவைப் போடுங்கள்.

பழைய ஜெட்சன் நானோ (என்விடியாவின் கிராஃபிக்ஸ் சில்லுள்ள போர்டு) மலிவாகக் கிடைக்கிறது. பொருட்களை அடையாளம் காண வேண்டும். வாங்கலாமா? – திருச்சி

ராஸ் 2 வேண்டுமென்றால் வேண்டாம். அந்தப் பழைய நானோவுக்கு என்விடியா தந்த மென்பொருள் தொகுப்பு ஜெட்பேக் 4 வரிசையோடு சரி. அதன் அடியில் இருப்பது உபுண்டு 18.04, அதற்கான பொது ஆதரவு 2023-லேயே முடிந்தது. கிராஃபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவர் அந்தக் கெர்னலோடு பிணைந்திருப்பதால், உபுண்டுவை மட்டும் புதுப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. அதன் புதிய தலைமுறையான ஓரின் நானோ என்றால் ஜெட்பேக் 6 வரும், அது 22.04, ஆக ஹம்பிள். விலைதான் இடிக்கும். பொருள் அடையாளம் மட்டும் போதும், ராஸ் வேண்டாம் என்பவர்கள் பழையதை வாங்கி, வந்த மென்பொருளோடு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மொட்டைமாடியில் ஓட்டினால் மடிக்கணினியில் வரைபடம் தாவித் தாவி வருகிறது, 'டிரான்ஸ்ஃபார்ம்' பிழை என்கிறது. வீட்டுக்குள் அதே ரோபோ சரியாக ஓடுகிறது. ஓஎஸ்ஸை மாற்றவா? பை 4, உபுண்டு 22.04. – தஞ்சாவூர்

மாற்ற வேண்டாம், மணியைப் பாருங்கள். பை 4-ல் கடிகாரச் சில்லு கிடையாது. வீட்டு வைஃபையில் இணையத்திலிருந்து நேரம் தெரிந்துகொள்கிறது. மாடியில் இணையம் இல்லாமல் பூட் ஆகும்போது, கடைசியாக அணைத்த நேரத்தை ஒட்டியே எண்ணத் தொடங்குகிறது. ராஸ் ஒவ்வொரு தகவலிலும் நேர முத்திரை குத்துகிறது. ரோபோவின் நேரமும் மடிக்கணினியின் நேரமும் சில நொடிகள் விலகினாலே குழப்பம்தான். இரண்டிலும் 'குரோனி' நிறுவி, மடிக்கணினியை நேரம் கொடுப்பவராகவும் பையைக் கேட்பவராகவும் அமையுங்கள். இணையம் தேவையில்லை, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். பை 5-ல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, அதற்கான சின்ன பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும்.