பன்றிக்குட்டிகளுக்குக் கூட்டுத் தடுப்பூசி: பாதிக் குட்டிகளுக்குப் போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் 30 தாய்ப்பன்றிகளோடு வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கிறேன். பால் மறந்த குட்டிகளில் சில, தீனி எடுத்தும் தேறாமல் முதுகெலும்பு தெரிய இளைக்கின்றன. மூன்று மாதம் தாண்டியவற்றுக்கு வறட்டு இருமல். சர்க்கோ வைரஸுக்கும் நுரையீரல் நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி வந்திருக்கிறது, பாதிக் குட்டிகளுக்குப் போட்டுப் பாருங்கள் என்கிறார் மருந்து விற்பனையாளர். போடலாமா? கூலி மிச்சமாகும் என்பதால் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியையும் அதே சிரிஞ்சில் கலந்து போட்டுவிடலாமா?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கலக்கவே கூடாது. பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிர் வைரஸ். சர்க்கோ, மைக்கோபிளாஸ்மா (நீங்கள் சொல்லும் நுரையீரல் நோயின் கிருமி) கூட்டு ஊசிகளில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி அல்லது அதன் புரதம், கூடவே வீரியமூட்டும் துணைப்பொருள், சிலவற்றில் பதப்படுத்தும் மருந்தும். இரண்டும் சேர்ந்தால் உயிர் வைரஸ் சிரிஞ்சுக்குள்ளேயே செத்துவிடக்கூடும். பதிவேட்டில் ஊசி போட்டதாக இருக்கும், குட்டியின் உடம்பில் எதிர்ப்புசக்தி இருக்காது. வெளிநாடுகளில் இரண்டு பாட்டில்களைக் கலந்து போட அனுமதி பெற்ற தடுப்பூசிகள் உண்டு. அந்த அனுமதி அந்தக் குறிப்பிட்ட இரண்டுக்கு மட்டும்தான். தவிர, போடும் வயதும் வேறு. கூட்டு ஊசியை வழக்கமாக மூன்று வார வயதில் போடுகிறார்கள். தாய்க்குப் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டிருந்தால் சீம்பால் வழியே வந்த எதிர்ப்புசக்தி குட்டியின் ஊசியை முறித்துவிடும் என்பதால், அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் பண்ணையில் இருப்பது என்ன நோய்? இளைப்புக்குச் சர்க்கோ வைரஸ் காரணமாக இருக்கலாம், குடற்புழுவும் இருக்கலாம். உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் நுரையீரல் வழியாகப் போகும்போது குட்டி இருமும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதைச் சந்தேகியுங்கள். மைக்கோபிளாஸ்மா என்றால் நுரையீரலின் முன்மடல்கள் கீழோரத்தில் கருஞ்சிவப்பாகி, கறி போலக் கெட்டிப்பட்டிருக்கும். இறைச்சிக்கு அனுப்பும் பன்றிகளின் நுரையீரலைப் பத்துப் பன்றிகளிலாவது பார்த்து எழுதி வையுங்கள். செலவில்லாத சோதனை இது, ஆனாலும் செய்பவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம். இறந்த குட்டியை, அழுகுமுன், கால்நடை மருத்துவரின் கடிதத்தோடு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். நோய் இல்லாத பண்ணையில் எந்த ஊசியும் பலன் காட்டாது.

நோய் உறுதியானால் சோதித்துப் பார்க்கலாம். விற்பனையாளர் சொல்லும் பாணியில் மட்டும் வேண்டாம். ஒரு கொட்டகைக்குப் போட்டு அடுத்த கொட்டகையோடு ஒப்பிட்டால், காற்றோட்டத்தின் பலனும் ஊசியின் கணக்கில் ஏறிவிடும். போன ஈற்றோடு ஒப்பிட்டால் வெயிலும் மழையும் குறுக்கே வரும். ஒரே தாயின் குட்டிகளைக் காதுத் தோடு எண்ணால் பிரியுங்கள். ஒற்றைப்படைக்கு ஊசி, இரட்டைப்படைக்கு அதே அளவு கிருமி நீக்கிய உப்புநீர் (சலைன்). கொழுத்த குட்டியைத் தேர்ந்தெடுத்து ஊசி போடும் ஆசை யாருக்கும் வரும், அதைத் தடுக்கத்தான் இந்த எண் முறை. எதற்கு எது போட்டது என்பது எடை போடுபவருக்குத் தெரியக்கூடாது. இரண்டு குழுவும் ஒரே பட்டியில், ஒரே தீனியில் வளரட்டும். பன்றிக் காய்ச்சல் ஊசி இரண்டு குழுவுக்கும் கட்டாயம் போட வேண்டும், சோதனைக்காக அதை எந்தக் குட்டிக்கும் நிறுத்தாதீர்கள். ஒரே பட்டியில் இருக்கும்போது ஊசி போட்டவை வெளியேற்றும் கிருமி குறைவதால் போடாதவையும் ஓரளவு தப்பும். ஆக, நீங்கள் காணும் வித்தியாசம் உண்மைப் பலனைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

இறப்பை மட்டும் எண்ணி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நூற்றுக்குப் பத்து சாவது ஐந்தாகக் குறைந்ததென்று நம்பிக்கையோடு சொல்ல, குழுவுக்கு நானூறு குட்டிகளுக்கு மேல் வேண்டும். 30 தாய்ப்பன்றிப் பண்ணையில் அதற்கு வெகுகாலம் ஆகும். எடைக்கு அவ்வளவு தேவைப்படாது. ஊசி போடும் நாளிலும், பத்து வாரத்திலும், விற்கும்போதும் தனித்தனியே எடை போடுங்கள். விற்றபின் அதே தோடு எண்ணோடு நுரையீரலையும் பாருங்கள். மைக்கோபிளாஸ்மா ஊசி கிருமியை அடியோடு விரட்டாது, இருமலையும் நுரையீரல் சேதத்தையும் குறைக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் யார் உறுதி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். கொல்லப்பட்ட கிருமியால் ஆன தடுப்பூசி உறைந்துபோனால் அதை எறிந்துவிடுங்கள், உருக்கிப் போட்டால் பலன் இருக்காது. காய்ச்சலில் இருக்கும் குட்டிக்குப் போட வேண்டாம். போட்டபின் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருங்கள். ஒவ்வாமையில் சில குட்டிகள் மூச்சிரைத்து விழும், கால்நடை மருத்துவர் அட்ரினலினோடு உடனிருப்பது நல்லது.

விற்பனையாளரிடம் உரிம எண்ணையும் இந்தியாவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்ததற்கான ஆவணத்தையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு இந்தக் கூட்டு ஊசிகள் எதுவும் காப்பு இல்லை. 2020-ல் அசாமில் நுழைந்த அந்த நோய் 2023-ல் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் உறுதியானது. கடும் காய்ச்சலும் சிவந்த காதுமாகப் பெரிய பன்றிகள் அடுத்தடுத்துச் செத்தால், கண்ணால் பார்த்து இது எந்தக் காய்ச்சல் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றே சோதனையை நிறுத்தி, ஒரு பன்றியையும் வெளியே விடாமல், கால்நடை உதவி மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.